பழைய தொலைக்காட்சிக் காட்சிகளை ஆவணப்படத்தில் சேர்க்க அனுமதி பெறுவது எப்படி

ஆவணப்படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அனுமதியைப் பற்றிப் படத்தொகுப்பு முடிந்த பிறகே நினைக்கிறார்கள். யூடியூபிலிருந்து இறக்கிய ஒரு துண்டைத் தற்காலிகமாக ஒட்டிவைத்து, அதைச் சுற்றியே ஒரு பகுதி முழுவதையும் கட்டி, அதற்கேற்ப இசையும் சேர்த்துவிட்டு, திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டிய வாரத்தில் உரிமையாளரைத் தேடிப் புறப்படுகிறார்கள். அந்த நிலையில் உரிமையாளர் சொல்லும் தொகைதான் விலை. மறுத்துவிட்டால் படத்தின் நடுப்பகுதி சரிந்துவிடும். ஆகவே எந்த நொடிகள் தேவை என்பது ஓரளவு தெரிந்த உடனேயே, அதாவது முதல் தொகுப்பு வடிவம் உருவாகும்போதே, கடிதப் போக்குவரத்தைத் தொடங்கிவிட வேண்டும். அரசு நிறுவனமானால் ஆறு மாதம் கையில் இருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். மறைந்துபோன ஒரு தெருக்கூத்து ஆசிரியரைப் பற்றிப் படம் எடுக்கிறீர்கள். 1986ஆம் ஆண்டு சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் அவர் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே பேசுகிற 38 நொடிகள் உங்களுக்கு வேண்டும். அதன் பிரதி அவருடைய மகன் வீட்டில் ஒரு வி.எச்.எஸ். நாடாவில் இருக்கிறது.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, நாடா வைத்திருப்பவர் உரிமையாளர் அல்லர் என்பது. மகன் மனமுவந்து நாடாவைக் கொடுத்தாலும், அவர் கொடுப்பது பிளாஸ்டிக் பெட்டியும் அதனுள் இருக்கும் காந்த நாடாவும் மட்டுமே. பதிவின் பதிப்புரிமை அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. யூடியூபில் அதே காட்சியை ஏற்றியிருப்பவருக்கும் இது பொருந்தும். “வீடியோ உபயம்” என்று அவர் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. (பலர் இதைக் “காப்புரிமை” என்று எழுதுகிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்குரிய பேடண்ட்டைக் குறிக்கும் சொல். கடிதத்தில் “பதிப்புரிமை” என்றே எழுதுங்கள்.)

காட்சியை அடையாளம் காணுதல்

“எண்பதுகளில் வந்த ஒரு தெருக்கூத்து நிகழ்ச்சி” என்று எழுதினால் எந்த நூலகரும் தேட மாட்டார். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான நாள், நேரம், தொகுத்தவர் பெயர் ஆகியவற்றில் இரண்டையாவது கண்டுபிடித்த பிறகே கடிதம் எழுத வேண்டும். நாடாவின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே நாடாவில் மூன்று முறை வேறு வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்வது அன்றைய வீடுகளின் வழக்கம். நாளைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, அந்தக் கால நாளிதழ்களின் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் பகுதிதான். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைத் தேடிப் பார்க்கலாம். காட்சிக்குள்ளேயே சில தடயங்கள் இருக்கும்: சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15; வண்ண ஒளிபரப்பு வந்தது 1982இல். ஆகவே ஸ்டுடியோவில் வண்ணத்தில் பதிவான நிகழ்ச்சி பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகவே இருக்கும். நாடாவில் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தற்செயலாகப் பதிவாகியிருக்கும் விளம்பரங்களையும் செய்தி அறிவிப்புகளையும் பொறுமையாகப் பாருங்கள். ஆண்டை மட்டுமல்லாமல் வாரத்தையே காட்டிக்கொடுத்துவிடுவது பெரும்பாலும் அவைதான்.

பிறகு ஒரு பட்டியலைத் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. என்னுடைய பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்: துண்டு எண் 14, நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பு நாள், கையில் உள்ள பிரதி வி.எச்.எஸ்.; அந்தப் பிரதியில் தொடக்கம் 00:12:41:07, முடிவு 00:13:19:07; நீளம் 38 நொடி; பின்னணியில் பம்பை, மிருதங்கம், 9ஆம் நொடியிலிருந்து திரைப்படப் பாடல் ஒலி; கடிதம் அனுப்பிய நாள்; பதில்; விலை; உரிமம் முடியும் நாள். நேரக் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பிரேமைக் குறிப்பவை. நம் நாட்டு ஒளிபரப்பில் நொடிக்கு 25 பிரேம். இந்த அளவு துல்லியம் வேண்டுமா என்று தோன்றலாம். நொடிக் கணக்கில் பில் போடுகிறவரிடம் நொடிக் கணக்கில்தான் பேச முடியும்.

ஒரு துண்டுக்குள் எத்தனை உரிமை

மேலே உள்ள வரியில் “9ஆம் நொடியிலிருந்து திரைப்படப் பாடல் ஒலி” என்று இருப்பதைக் கவனியுங்கள். ஆசிரியர் பேசும்போது பக்கத்து டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்திருக்கிறது. தொலைக்காட்சி நிலையம் தன் நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிமம் தர முடியும். அந்தப் பாடலின் ஒலிப்பதிவு ஓர் இசை நிறுவனத்துடையது, வரிகளிலும் மெட்டிலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவர்களின் ராயல்டி உரிமை இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. இத்தகைய இடங்களில் எளிய வழி, பேச்சைத் தக்கவைத்துப் பின்னணிப் பாடலை ஒலிக்கலவையில் நீக்க முடியுமா என்று பார்ப்பது. இல்லையேல் முதல் 8 நொடியோடு நிறுத்திக்கொள்வது.

இதே காரணத்தால்தான் “ஒளியும் ஒலியும்” போன்ற நிகழ்ச்சிகளைக் கேட்டு நிலையத்துக்கு எழுதுவதில் பெரும் பயன் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தெருவே வெறிச்சோடிய அந்த நிகழ்ச்சி நம் நினைவில் தூர்தர்ஷனுடையதுதான். ஆனால் அதில் ஓடிய பாடல் காட்சிகள் படத் தயாரிப்பாளர்களுடையவை, நிலையத்திடம் இருந்தது அவற்றை ஒளிபரப்பும் அனுமதி மட்டுமே. அறிவிப்பாளர் தோன்றும் சில நொடிகளை வேண்டுமானால் நிலையத்திடம் கேட்கலாம். “வயலும் வாழ்வும்”, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன “எதிரொலி” ஆகியவை நிலையமே தயாரித்தவை என்பதால் அங்கே சிக்கல் குறைவு.

எனவே நிகழ்ச்சி எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிலையத்தின் சொந்தத் தயாரிப்பா, பணம் கொடுத்து வெளியாரிடம் செய்வித்ததா, அல்லது விளம்பரதாரர் பெயரில் வெளி நிறுவனம் தயாரித்து ஒளிபரப்பு நேரத்தை மட்டும் வாங்கியதா? மூன்றாவது வகையில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ இருக்கும். சட்டப்படி ஒரு காட்சிப் பதிவின் “ஆசிரியர்” அதன் தயாரிப்பாளரே, அதாவது அதைத் தன் பொறுப்பில் தயாரித்த நபரோ நிறுவனமோதான். இயக்கியவரோ ஒளிப்பதிவு செய்தவரோ அல்லர். இதை அறியாமல் ஓய்வுபெற்ற நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவருபவர்கள் உண்டு. அவர் நிலையத்தின் ஊழியராக இருந்தவர் என்றால் அந்தக் கையெழுத்து நல்லெண்ணத்துக்கு அடையாளம், உரிமம் ஆகாது.

தூர்தர்ஷன் 1997 நவம்பர் வரை மத்திய அரசின் துறையாக இருந்து, பிறகு பிரசார் பாரதியின் கீழ் வந்தது; பொதிகை என்று நாம் அறிந்த அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். கடிதத்தைச் சென்னை நிலையத்தின் தலைமைக்கு அனுப்பி, தில்லியில் உள்ள தூர்தர்ஷன் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தனியார் அலைவரிசைகளில் கேள்வி வேறு மாதிரி வரும்: அன்றைய நிறுவனம் இன்று யாரிடம் இருக்கிறது? சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியதிலிருந்து ஒரே குழுமத்திடம் இருப்பதால் முகவரி தேட வேண்டியதில்லை. விஜய் டிவியோ தொண்ணூறுகளில் யு.பி. குழுமத்திடம் இருந்து, பல கைகள் மாறி ஸ்டாருக்கும் அதன் வழியாக டிஸ்னிக்கும் போய், 2024 நவம்பர் இணைப்புக்குப் பிறகு ஜியோஸ்டாரில் இருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய நிகழ்ச்சிகளின் உரிமையும் சேர்ந்து போனதா என்பதை அவர்களே எழுதிக்கொடுக்கும்படி கேட்க வேண்டும். நீங்களாக ஊகித்துக்கொள்ளக் கூடாது.

ஆண்டுக் கணக்கு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி காட்சிப் பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. நம்முடைய 1986 நிகழ்ச்சி 2046 டிசம்பர் 31 வரை பாதுகாப்பில் இருக்கிறது. அரசின் படைப்பாகக் கொண்டாலும் இதே கணக்குதான். ஒளிபரப்பு நிறுவனத்துக்கென்று தனியாக உள்ள ஒளிபரப்பு உரிமை 25 ஆண்டுகள் மட்டுமே. அது 2011இன் முடிவோடு தீர்ந்துவிட்டது. இந்த 25 ஆண்டுப் பிரிவை மட்டும் படித்துவிட்டு “பழைய தொலைக்காட்சிக் காட்சிகள் எல்லாம் இப்போது பொதுச் சொத்து” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒளிபரப்பு உரிமை தீர்ந்தாலும் பதிவின் பதிப்புரிமை அப்படியே இருக்கிறது. சென்னை நிலையம் தொடங்கியதே 1975இல்தான் என்பதால், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக் காட்சி ஒன்றுகூட இன்னும் காலாவதியாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டுக்கதை, “ஏழு நொடிக்குள் என்றால் அனுமதி வேண்டாம்” என்பது. முப்பது நொடி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தில் எந்த நொடி எல்லையும் இல்லை. 52ஆவது பிரிவு விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி, தனிப்பட்ட ஆய்வு முதலியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. மிகச் சிறு அளவிலான பயன்பாட்டைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்ற கோட்பாட்டைத் தில்லி உயர்நீதிமன்றம் 2012இல் ஒரு தொலைக்காட்சி வழக்கில் ஏற்றுக்கொண்டதும் உண்மை. ஆனால் இவை வழக்கு வந்த பிறகு நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் வாதங்கள். ஓடிடி நிறுவனத்தின் சட்டப் பிரிவு படத்தை வாங்கும்போது கேட்பது கையெழுத்திட்ட தாள். 2024 நவம்பரில் ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொன்ன ஆவணப்படத்தில் இடம்பெற்ற 3 நொடிக் காட்சிக்காக 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனதும், விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்காக 52ஆவது பிரிவை மறந்துவிடச் சொல்லவில்லை. உங்கள் படம் அந்த நிகழ்ச்சியையே ஆராய்ந்து விமர்சிக்கிறது என்றால், அதாவது அக்காலத் தொலைக்காட்சி கூத்தை எப்படிக் காட்டியது என்பதே படத்தின் பொருள் என்றால், வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெற்றுக்கொண்டு அந்தப் பிரிவின் துணையோடு போகலாம். அழகுக்காகச் சேர்க்கிற காட்சிக்கு அது குடையாகாது.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். படத்தின் தத்துவத்தை விளக்கும் கடிதங்களை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நான் எழுதுகிற வடிவம் ஏறத்தாழ இது:

“மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், தெருக்கூத்துக் கலை பற்றி 62 நிமிட ஆவணப்படம் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். தங்கள் நிலையம் இன்ன நாளில் ஒளிபரப்பிய இன்ன நிகழ்ச்சியிலிருந்து 38 நொடிகளை அப்படத்தில் சேர்க்க விரும்புகிறோம். அந்தப் பகுதியின் எழுத்து வடிவமும் நான்கு நிழற்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. காட்சி எவ்வகையிலும் திரித்துக் காட்டப்படாது. எங்களுக்குத் தேவைப்படும் உரிமம்: திரைப்பட விழாக்கள், கல்வி நிறுவனங்கள், தொலைக்காட்சி, இணையவழி ஒளிபரப்பு ஆகிய அனைத்து ஊடகங்களிலும், உலகம் முழுவதும், கால வரையறையின்றி, எங்களுக்கு மட்டுமே என்ற தனியுரிமை கோராமல். இதற்கான கட்டணத்தையும், விழாக்களுக்கு மட்டுமான ஐந்தாண்டு உரிமத்தின் கட்டணத்தையும் தனித்தனியே தெரிவிக்க வேண்டுகிறோம். இக்காட்சியில் பிறருடைய உரிமைக்குட்பட்ட இசையோ படமோ இருப்பின் அதையும் குறிப்பிட வேண்டுகிறோம். மூலப் பிரதி தங்களிடம் இல்லையெனில், எங்களிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த உரிமம் மட்டும் வழங்கினால் போதுமானது.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம் என்பதால் பழைய பதிவுகளை அழித்து மேலே புதியதைப் பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கமாக இருந்தது. “பதிவு எங்களிடம் இல்லை” என்று வரும் பதிலோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பதிவு இல்லாதவரிடமும் உரிமை இருக்கிறது, அதை அவர் வழங்கலாம். பதிலே வராவிட்டால், பிரசார் பாரதி பொது அதிகார அமைப்பு என்பதால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நாடா இருப்பில் உள்ளதா, கட்டண விகிதம் என்ன என்று கேட்கலாம். அது தகவலைத்தான் பெற்றுத் தரும், உரிமத்தை அல்ல.

எழுதாமல் விட்டால் ஐந்தாண்டு, இந்தியா மட்டும்

என் முதல் படத்துக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வாங்கினேன்: “மேற்படி காட்சியைத் தங்கள் ஆவணப்படத்தில் பயன்படுத்திக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.” பெரிய வெற்றி என்று நினைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறை. ஏழாம் ஆண்டில் வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று படத்தைக் கேட்டபோதுதான் அந்தக் கடிதத்தின் மதிப்பு தெரிந்தது. சட்டத்தின் 19ஆவது பிரிவு, உரிம ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. 30அ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. கையெழுத்திட்ட அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார், புதியவர் கேட்ட தொகை படத்தின் விற்பனை விலையை விட அதிகம். அந்த 20 நொடியை வெட்டிவிட்டு ஒரு நிழற்படத்தை வைத்தோம்.

பெரிய படங்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைச் சொன்ன ‘ஐஸ் ஆன் த பிரைஸ்’ என்ற தொலைக்காட்சி ஆவணத் தொடர் 1987இல் வெளியாகிப் பெரும் மதிப்புப் பெற்றது. பழைய செய்திக் காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் குறுகிய காலத்துக்கே உரிமம் வாங்கியிருந்ததால், தொண்ணூறுகளில் அவை காலாவதியானபோது தொடரை ஒளிபரப்பவே முடியாமல் போனது. அறக்கட்டளை நிதியைக் கொண்டு உரிமங்களைப் புதுப்பித்த பிறகே 2006இல் அது மீண்டும் ஒளிபரப்பானது.

ஆகவே உரிமப் பத்திரத்தில் காலம், நிலப்பரப்பு, ஊடகங்கள், நொடி அளவு, வேற்றுமொழி வசனவரி, குறும்பட வடிவம், முன்னோட்டம் ஆகியவை பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். முன்னோட்டத்தைப் பலர் மறக்கிறார்கள். படத்துக்கு வாங்கிய உரிமம் டிரெய்லருக்குத் தானாக நீளாது. காட்சி தங்களுடையதுதான் என்றும், வேறு யாராவது உரிமை கோரினால் பொறுப்பு தங்களுடையது என்றும் உரிமையாளர் உறுதி தரும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டும் வாசகம்தான் பெரும்பாலான படிவங்களில் அச்சாகியிருக்கும்; இசை போன்ற மூன்றாம் தரப்பு உரிமைகளுக்கு நீங்களும், காட்சிக்கு அவர்களும் என்று பிரித்துத் தரக் கேட்பது நியாயமான கோரிக்கை.

விலையைப் பொறுத்தவரை, குறைந்தபட்ச நொடி எவ்வளவு, 38 நொடியை ஒரு நிமிடமாக முழுமையாக்குகிறார்களா, ஒரே காட்சியைப் படத்தில் இரண்டு முறை காட்டினால் இரண்டு கட்டணமா, பிரதி எடுக்கும் செலவும் ஜி.எஸ்.டி.யும் தனியா என்று கேளுங்கள். பணம் குறைவாக இருந்தால், இப்போது விழாக்களுக்கு மட்டும் உரிமம் வாங்கி, பின்னாளில் விரிவாக்கும்போது எவ்வளவு என்பதையும் இன்றே பத்திரத்தில் எழுதிக்கொள்வதுதான் சிறு தயாரிப்பாளருக்குச் சரியான வழி என்பது என் கருத்து. படம் விருது வாங்கிய பிறகு விலை கேட்டால் யாரும் பழைய விலை சொல்ல மாட்டார்கள். தொகுப்பு இறுதியாகும் வரை பணம் கட்ட வேண்டாம். விலைக் கடிதம் எத்தனை நாள் செல்லும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் காட்சிகள் வேண்டியவர்களுக்கு, குறிப்பாக 1983க்குப் பிந்திய இலங்கை பற்றிய படங்களுக்கு, வேலை ஒரு வகையில் எளிது, இன்னொரு வகையில் செலவு மிக்கது. பிபிசியின் பழைய காட்சிகள் கெட்டி இமேஜஸ் வழியாகவும், ஏபி செய்தி நிறுவனத்தின் காட்சிகள் அதன் சொந்தக் காப்பகம் வழியாகவும் கிடைக்கின்றன. இணையத்தில் தேடி, பார்வைப் பிரதி இறக்கி, விலையை ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினியின் காட்சிகளுக்கு அந்நாட்டின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் பொருந்தும். அதில் நியாயப் பயன்பாட்டுப் பிரிவு நம்முடையதைவிட விரிவானது, ஆனால் படம் இந்தியாவில் திரையிடப்படும்போது இந்தியச் சட்டமே பார்க்கப்படும்.

பதில் வராதபோது

மூன்று கடிதங்களை, முப்பது நாள் இடைவெளியில், ஸ்பீட் போஸ்டில் அனுப்பிப் பட்டுவாடாச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குத்தான் பொருந்தும். தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டு, உரிமையாளர் இறந்து அல்லது கண்டுபிடிக்க முடியாமல் போனால், சட்டத்தின் 31அ பிரிவின்படி கட்டாய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் உங்கள் கோரிக்கையை விளம்பரமாக வெளியிட வேண்டும். முன்பு இதை விசாரித்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், இப்போது நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். 38 நொடிக்காக இவ்வளவு தூரம் போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆசிரியரின் மகன் அந்த நாடாவை வீட்டில் பார்த்துக்கொண்டே அப்பா பேசியதைத் தன் வாயால் சொல்வதைப் படமெடுக்கலாம். திரையில் நாடா ஓடுவதைக் காட்டாமல் அவர் முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் காட்டினால் போதும். சில சமயம் அது மூலக் காட்சியைவிட நன்றாக வந்துவிடுவதும் உண்டு.

காட்சியில் இருக்கும் மனிதர்களையும் மறந்துவிடக் கூடாது. பொது ஆவணங்களில் ஏற்கெனவே பதிவானதை வெளியிடுவது அந்தரங்க உரிமை மீறல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் ஆர். ராஜகோபால் வழக்கில் கூறியிருந்தாலும், பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள் போன்றோருக்கு அதிலேயே விலக்கு வைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், ஆசிரியரின் குடும்பத்துக்கு அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டி ஒரு கடிதம் பெற்றுக்கொள்வது என் வழக்கம்.

உரிமம் கைக்கு வந்ததும், கிடைக்கும் பிரதியின் தரத்தையும் கேட்டுப் பெறுங்கள். காப்பகம் இலக்கமாக்கிய கோப்பை, அதன் மூல 4:3 வடிவத்திலேயே, யாரும் ஓரங்களை வெட்டிப் பதினாறுக்கு ஒன்பதாக நீட்டாமல் தர வேண்டும். நன்றி வரியை அவர்கள் எழுதிக்கொடுத்தபடியே, எழுத்து மாறாமல் போடுங்கள். பத்திரம், ரசீது, கடிதங்கள், விலைக் குறிப்பு, படத்தின் இறுதி நேரக் குறியீடு எல்லாவற்றையும் துண்டு எண் 14 என்ற ஒரே கோப்புறையில் வைத்து, உரிமம் முடியும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.